தண்டியடிகள் பிடித்த கயிறு

இந்த மாதப் பாடம் கணினி படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் கிளையின் புலனக் குழுவில் ஒரு போஸ்டர் போடுகிறவரா நீங்கள்? ஆலயத் திருவிழாவுக்குத் தொண்டர் பட்டியல் எடுக்க கூகல் ஃபாரம் செய்கிறவரா? அப்படியானால் இது உங்களுக்கான பாடம்.

ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். தவறு என்னுடையது.

எங்கள் கிளை நடத்தும் திருமுறை வகுப்புக்கும் போட்டிக்கும் சேர்த்து ஓர் இணையத்தளம் தேவைப்பட்டது. பகலில் மென்பொருள் வேலை பார்க்கிறவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டு மாதம் இரவில் உட்கார்ந்து செய்தேன். திறந்த உடனே சிவபுராணம் ஒலிக்கும். மேலே சுவாமி படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். எல்லா எழுத்தும் காவி நிறம். செயலவையில் காட்டியபோது எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

பதிவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஓர் அழைப்பு வந்தது. எங்கள் வகுப்பில் படிக்கிற தம்பி. பதினேழு வயசு. பிறவியிலேயே பார்வை இல்லை. காதால் கேட்டே பதிகங்களை மனனம் செய்கிறவர். பண் பிசகாமல் பாடுவார்.

"அண்ணே, பதிவு பண்ண முடியல. நான் ஏதாச்சும் தப்பா பண்றேனா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று பட்டது. தளத்தைச் செய்தவன் நான். தப்பு தன்னிடம் இருக்குமோ என்று கேட்கிறவர் அவர். நான் உடனே, "பரவாயில்ல தம்பி, விவரத்தைச் சொல்லு, நானே போட்டு விடறேன்" என்றேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார். "ஒவ்வொரு வருஷமும் அம்மாதான் போட்டுக் குடுப்பாங்க அண்ணே. இந்த வருஷம் தளம் வந்திருச்சுன்னு சொன்னீங்க, அதான் நானே போடலாம்னு பார்த்தேன். என் ஐசி நம்பரை நானே அடிக்கணும்னு ஆசை."

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன்.

என் தளம் அவருக்கு எப்படிக் கேட்டது?

பார்வையற்றவர்கள் கணினியைப் பயன்படுத்த ஸ்கிரீன் ரீடர் என்னும் திரைவாசிப்பான் இருக்கிறது. திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் மென்பொருள் அது. விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ என்ற இலவச மென்பொருள் உண்டு. 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய வேலை அது. அதனோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று ஏற்கெனவே உள்ளேயே இருக்கின்றன. இப்போது உங்கள் கையில் இருக்கும் போனிலும் இருக்கிறது.

தம்பி என் தளத்தைத் திறந்தார். சிவபுராணம் ஒலித்தது. அவ்வளவுதான், திரைவாசிப்பானின் குரல் அதில் மூழ்கிப்போனது. பாட்டை நிறுத்தும் பொத்தான் எங்கே என்று வாசிப்பான் சொல்ல வேண்டும். வாசிப்பான் சொல்வது கேட்க வேண்டுமானால் பாட்டு நிற்க வேண்டும். "சிவபுராணம் எனக்குப் பிடிக்கும் அண்ணே, ஆனா இப்ப வேணாமே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒலியை அணைத்துவிட்டு மேலே போனோம். சுவாமி படங்களுக்கு நான் விளக்கம் எழுதவில்லை. அதனால் வாசிப்பான் கோப்புப் பெயரை எண் எண்ணாகப் படித்தது. பெயர், வயது, பிரிவு என்று நிரப்ப வேண்டிய கட்டங்களுக்கு முறையான பெயர்ச்சீட்டு கொடுக்கவில்லை. எனவே ஒவ்வொரு கட்டத்திலும் "எழுதும் கட்டம், காலி" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. எது பெயர், எது ஐசி எண் என்று அவர் ஊகிக்க வேண்டியிருந்தது. பிறந்த தேதிக்கு அழகான நாள்காட்டி வைத்திருந்தேன். அதை மௌஸால் மட்டுமே சொடுக்க முடியும். அவர் மௌஸ் பயன்படுத்துவதில்லை. டேப் விசையை அழுத்தி அழுத்தித்தான் நகர்வார்.

ஏதோ ஒரு கட்டத்தில் தவறு. அது சிவப்பாக மாறியது. எந்தக் கட்டம் என்று அவருக்கு யார் சொல்வது? கடைசியில் வளைந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்சா. அதற்குள் பாதுகாப்புக்காக நான் வைத்திருந்த பத்து நிமிடம் முடிந்து, நிரப்பியது எல்லாம் அழிந்துபோனது.

"நேத்து இதே மாதிரி நாலு தடவை அண்ணே," என்றார்.

ஒரு நாயனாரின் கதை

அன்று வீடு திரும்பும்போது பெரிய புராணத்தில் வரும் தண்டியடிகள் நாயனார் நினைவுக்கு வந்தார். அறுபத்து மூவரில் ஒருவர். திருவாரூரில் பிறந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

திருவாரூர்க் கோயிலின் மேற்கே இருந்த திருக்குளம் தூர்ந்து சுருங்கிப்போயிருந்தது. அதைத் தோண்டிப் பெரிதாக்குவதே தன் தொண்டு என்று முடிவு செய்தார். கண் தெரியாதவர் குளத்துக்குள் இறங்கி மண்ணை வெட்டி, கூடையில் சுமந்து, கரையேறிக் கொட்டிவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வர வேண்டும். எப்படி முடியும்? குளத்துக்குள் ஒரு கம்பை நட்டார். கரையில் ஒரு கம்பை நட்டார். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே போனார், வந்தார். வேலை நடந்தது.

பழித்தவர்கள் அவரிடமிருந்து என்னத்தைப் பறித்தார்கள் தெரியுமா? மண்வெட்டியையும் கூடையையும் கம்பையும் கயிற்றையும்தான். அவருடைய பக்தியைப் பறிக்க முடியாது. ஆனால் கயிற்றை எடுத்துவிட்டால் தொண்டு நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கதையின் முடிவில் இறைவன் அருளால் அவருக்குப் பார்வை கிடைக்கிறது. சின்ன வயதில் அந்த அற்புதம் மட்டும்தான் என் மனதில் நின்றது. இப்போது படிக்கும்போது கயிறுதான் கண்ணில் படுகிறது. பார்வை கிடைப்பதற்கு முன்பே அவர் தொண்டர். பார்வை வரட்டும், அப்புறம் வேலை பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. "உனக்குப் பதிலா நான் தோண்டித் தர்றேன்" என்று யாராவது சொல்லியிருந்தால் குளம் ஆழமாகியிருக்கும். ஆனால் அது அவருடைய தொண்டாக இருந்திருக்காது. நான் அந்தத் தம்பியிடம் சொன்னது அதைத்தானே?

அவரிடம் கயிறு இருந்தது: திரைவாசிப்பான். அதைக் கட்டுவதற்குக் கம்பு நட வேண்டியவன் நான். நான் நடவில்லை.

உலகம் ஒத்துக்கொண்ட நான்கு விதிகள்

இணையத்துக்குப் பொது நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பு, மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைக்க ஒரு வழிகாட்டியை 1999-இல் வெளியிட்டது. 2008-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. 2018-இலும் 2023-இலும் அதில் மேலும் சில விதிகள் சேர்ந்தன. டபிள்யூகேக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விதிகள் நிறைய இருந்தாலும் அடிப்படை நான்குதான்.

முதலாவது, உணர முடிய வேண்டும். கண்ணால் முடியாவிட்டால் காதால். காதால் முடியாவிட்டால் கண்ணால். படத்துக்கு எழுத்தில் விளக்கம், காணொளிக்கு வசன வரிகள் எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவது, இயக்க முடிய வேண்டும். மௌஸ் இல்லாமல் விசைப்பலகையால் மட்டுமே எல்லாம் செய்ய முடிய வேண்டும். போதுமான நேரம் தர வேண்டும். கை நடுங்குகிறவர் தொடக்கூடிய அளவுக்குப் பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, புரிய வேண்டும். மொழி எளிமையாக இருக்க வேண்டும். எங்கே தவறு, எப்படித் திருத்துவது என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

நான்காவது, எந்தக் கருவியிலும் தாக்குப்பிடிக்க வேண்டும். தளத்தின் உள்கட்டமைப்பு ஒழுங்காக இருந்தால்தான் திரைவாசிப்பான் போன்ற கருவிகள் அதைச் சரியாக எடுத்துச் சொல்லும்.

இது வெறும் நல்லெண்ண விஷயம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, தகவலையும் தொழில்நுட்பத்தையும் அணுகுவது அவர்களின் உரிமை என்று சொல்கிறது. ஐக்கிய நாட்டுச் சபையின் மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா 2010-இலும் சிங்கப்பூர் 2013-இலும் ஏற்று உறுதி செய்தன. ஆக, நாம் செய்வது தர்மம் போடுவது இல்லை. அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பது.

நான் என்ன மாற்றினேன்?

செயலவையில் விஷயத்தைச் சொன்னேன். பதிவு நாளை ஒரு வாரம் தள்ளி வைக்கக் கேட்டேன். மூத்தவர் ஒருவர், "ஒரே ஒருத்தருக்காகவா தம்பி இவ்வளவும்?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நியாயமான கேள்விதான். ஒரு செயலவை அக்கா பதில் சொன்னார்: "ஐயா, உள்ளே வர முடியாதவங்க எப்படிப் புகார் சொல்வாங்க? ஒருத்தர் போன் பண்ணினார். மத்தவங்க பேசாம போயிருப்பாங்க." ஒரு வாரம் கிடைத்தது. அந்த ஒரு வாரத்தில் செய்தவை இவை:

1. தானாக ஒலிக்கும் பாட்டை எடுத்தேன். மூன்று வினாடிக்கு மேல் தானாக ஒலிக்கும் எதையும் உடனே நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது விதி. பாட்டு இப்போதும் தளத்தில் இருக்கிறது. கேட்க விரும்புகிறவர் பொத்தானை அழுத்தலாம்.

2. ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர்ச்சீட்டு இணைத்தேன். எச்டிஎம்எல் மொழியில் இதற்கு "லேபல்" என்ற குறி உண்டு. கட்டத்துக்குள் மங்கலாக எழுதிவிட்டால் போதாது. தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அந்த எழுத்து மறைந்துவிடும். மறதி உள்ளவர்களுக்கும் அது தொல்லைதான்.

3. நாள்காட்டியைத் தூக்கிவிட்டேன். நம் ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதிதானே! கேட்கவே தேவையில்லாத கேள்வியைக் கேட்டு, அதற்கு ஒரு தடையும் வைத்திருந்தேன்.

4. தவற்றைச் சிவப்பால் மட்டும் காட்டாமல் எழுத்தில் சொன்னேன். "ஐசி எண்ணில் 12 இலக்கம் வேண்டும், நீங்கள் 11 அடித்திருக்கிறீர்கள்" என்று அந்தக் கட்டத்தின் கீழேயே வரும். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத கண் உள்ளவர்களுக்கும் இது உதவும்.

5. கேப்சாவை எடுத்தேன். அதற்குப் பதில், கண்ணுக்கும் திரைவாசிப்பானுக்கும் தெரியாத ஒரு காலிக் கட்டம். மனிதர்கள் அதை நிரப்ப மாட்டார்கள். கண்மூடித்தனமாக எல்லாக் கட்டத்தையும் நிரப்பும் நிரல் மாட்டிக்கொள்ளும்.

6. நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினேன். நேரம் முடியும் முன் எச்சரிக்கை வரும். ஒரு விசையை அழுத்தினால் நீளும்.

7. உண்மையான பொத்தான், உண்மையான தலைப்பு. பார்க்கப் பொத்தான் மாதிரி இருந்தால் போதாது, "பட்டன்" என்ற குறியால் செய்திருக்க வேண்டும். அப்போதுதான் விசைப்பலகையால் இயங்கும். தலைப்பும் அப்படித்தான். எழுத்தைப் பெரிதாக்கினால் தலைப்பாகிவிடாது. என்விடிஏ பயன்படுத்துகிறவர் எச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார், நாம் கண்ணை ஓட்டுவது போல. தலைப்புக் குறி இல்லாத பக்கத்தில் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான்.

8. காவி எழுத்தை மாற்றினேன். மனசு கேட்கவில்லைதான். ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். நான் போட்ட காவி வெள்ளைப் பின்னணியில் 2:1-ஐக் கொஞ்சம்தான் தாண்டியது. இப்போது எழுத்துக்கு அடர்ந்த அரக்குச் சிவப்பு. அது கிட்டத்தட்ட 11:1 வருகிறது. காவி ஓரக்கோடுகளில் மட்டும் இருக்கிறது. மாற்றியதும் முதலில் போன் செய்து பாராட்டியவர் யார் தெரியுமா? "ஒரே ஒருத்தருக்காகவா" என்று கேட்ட அதே ஐயா. "இப்பதான் தம்பி கண்ணாடி இல்லாம படிக்க முடியுது!"

தமிழுக்கென்று உள்ள சிக்கல்

ஆங்கில வழிகாட்டிகளில் அதிகம் பேசாத ஒன்று நம் தமிழுக்கு உண்டு. தம்பி என்னிடம், "அண்ணே, பதிகம் எல்லாம் பிடிஎஃப்ல போட்டிருக்கீங்க. ஆனா அதுல தமிழே இல்லையே!" என்றார். எனக்குப் புரியவில்லை. வாசிக்க விட்டுக் காட்டினார். "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று போனது.

அது "தமிழ்" என்ற சொல். பாமினி எழுத்துருவில் தட்டியது. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். அதன்மேல் தமிழ் உருவத்தை ஒட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்குக் குழப்பம். யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. அதைத்தான் திரைவாசிப்பான் தமிழாக வாசிக்கும், தேடினாலும் கிடைக்கும். கணினித் தமிழுக்கு முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறன் நம் மலேசியர். நாமே இன்னும் பாமினியில் தட்டிக்கொண்டிருந்தால் எப்படி?

இன்னொன்று, பக்கத்தின் மொழி தமிழ் என்று உள்ளே குறிக்க வேண்டும். "லேங்" என்ற இடத்தில் "டிஏ" என்று இரண்டெழுத்து போட்டால் போதும். இல்லாவிட்டால் சில வாசிப்பான்கள் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும், அல்லது விட்டுவிட்டுப் போகும்.

மூன்றாவது, நம் எல்லாருடைய பழக்கம்: போஸ்டர். பூசை நேரம், இடம், தொடர்பு எண் எல்லாவற்றையும் படமாகச் செய்து புலனத்தில் அனுப்புகிறோம். திரைவாசிப்பானுக்கு அது பெரும்பாலும் "படம்", அவ்வளவுதான். போஸ்டரை நிறுத்தச் சொல்லவில்லை. அதே விவரத்தைக் கீழே நான்கு வரியில் தட்டி அனுப்புங்கள்.

சொற்பொழிவுக் காணொளி போடுகிறவர்கள் காது கேளாதவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். தானாக வரும் வசன வரிகளை அப்படியே விடாமல் ஒருமுறை படித்துத் திருத்துங்கள். பதிகச் சொற்களை அது எப்படியெல்லாம் திரிக்கும் என்று பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள்.

பிறகு என்ன நடந்தது?

தள்ளி வைத்த பதிவின் மூன்றாம் நாள் தம்பி தானாகவே பதிந்தார். நான் பக்கத்தில் இல்லை. இரவு ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "அண்ணே, போட்டுட்டேன். அம்மா அந்தப் பக்கம் சமையல் பண்றாங்க, அவங்களுக்கே தெரியாது. இன்னொண்ணு, உங்க 'நன்றி' பக்கத்துல ஒரு எழுத்துப் பிழை இருக்கு."

இருந்தது. திருத்தினேன்.

போட்டியில் அவர் பரிசு வாங்கினாரா என்று கேட்பீர்கள். அது இந்தப் பாடத்துக்குத் தேவை இல்லை. மற்றவர்களைப் போல் பெயர் கொடுத்தார், மேடை ஏறினார், பாடினார், இறங்கினார்.

வேலை இன்னும் முடியவில்லை. பழைய பிடிஎஃப்களில் பாதிக்கு மேல் இன்னும் பாமினியில்தான் இருக்கின்றன. வாரம் இரண்டு பதிகம் என்று வகுப்புப் பிள்ளைகள் யூனிகோடில் தட்டுகிறார்கள். சரிபார்ப்பவர் அந்தத் தம்பி. அவர் காது எங்கள் கண்ணைவிடக் கூர்மை. இப்போது எது புதிதாகச் செய்தாலும் முதலில் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் செயலவைக்குக் காட்டுகிறேன். செய்து முடித்த பிறகு கேட்காமல், செய்யும்போதே கேட்பது. நான் கற்றதில் முக்கியமானது இதுதான்.

செய்து பாருங்கள்

அ. உங்கள் கிளையின் தளத்தையோ பதிவுப் படிவத்தையோ திறந்து, மௌஸை ஒதுக்கி வையுங்கள். டேப், என்டர் விசைகளால் மட்டும் கடைசிவரை போக முடிகிறதா? எங்கே சிக்கிக்கொண்டீர்கள் என்று குறித்துவையுங்கள்.

ஆ. உங்கள் கைப்பேசியில் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவரை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நண்பருக்குச் செய்தி அனுப்புங்கள். அணைப்பது எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அப்போது ஒருமுறை தட்டினால் தேர்வு, இருமுறை தட்டினால்தான் திறக்கும்.

இ. கடைசியாக உங்கள் கிளை அனுப்பிய போஸ்டரின் விவரத்தை எழுத்தில் தட்டிக் குழுவில் போடுங்கள்.

வகுப்பில் கலந்து பேச

1. "நானே செய்து தருகிறேன்" என்று சொல்வது எப்போது உதவி? எப்போது தடை?

2. தண்டியடிகளின் கயிறு போல, நம் ஆலயத்தில் யாருக்கு என்ன தேவைப்படுகிறது? வாசற்படி, ஒலிபெருக்கி, அறிவிப்புப் பலகை, பிரசாத வரிசை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

3. உங்கள் வட்டாரத்தில் வகுப்புக்கு வராமல் நின்றுபோனவர் யார்? ஏன் வரவில்லை என்று யாராவது போய்க் கேட்டோமா?

மூன்றாவது கேள்விக்கு வகுப்பிலேயே விடை கிடைக்காது. இந்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.